மெஷின் ரூமுக்கு மூணு டீ

ஹோட்டலுக்குப் புதிய சாஃப்ட்வேர் வாங்கியதிலிருந்து முதலாளியின் கால் தரையில் பாவவில்லை.

"இது சாதாரண சாஃப்ட்வேர் இல்ல சார். உள்ளே மூணு ஏஜென்ட் இருக்கு," என்று டை கட்டிக்கொண்டு விற்க வந்த டைக்காரர் சொல்லியிருந்தார். "ஒண்ணு ரூம் புக்கிங் பாக்கும். ஒண்ணு ஸ்டோர் பாக்கும். ஒண்ணு படுக்கை, துண்டு, சுத்தம் எல்லாம் பாக்கும். மூணும் தங்களுக்குள்ள பேசி முடிவெடுத்துக்கும். நீங்க போன்ல ஒரு வரி தட்டினா போதும், பதில் வந்துரும்."

"அதுங்களுக்குள்ள சண்டை வராதா?"

"மனுஷங்களா சார், சண்டை போட?"

அந்தப் பதில் முதலாளிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. மறுநாளே ரிசப்ஷன்காரரையும் ஸ்டோர்காரரையும் சூப்பர்வைசர் அம்மாவையும் கூப்பிட்டு, ஆளுக்கொரு பூங்கொத்து கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார். இருபது வருஷ உழைப்புக்குப் பூங்கொத்து சின்னதுதான். ஆனால் பூ நிஜப் பூ. அந்த மட்டில் அவரைக் குறை சொல்ல முடியாது.

மூன்றாம் மாடியில் 307-ஆம் அறை, மெஷின் ரூம் ஆனது. சூடு ஆகாது, தூசு ஆகாது, ஆள் நடமாட்டம் அறவே ஆகாது என்று டைக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பெருக்கித் துடைக்க ஒருவர் மட்டும் போகலாம். அந்த வேலை, அறைகளைச் சுத்தம் செய்யும் ரூம் அக்காவுக்கு வந்தது. முதலாளியே அந்த வழியாகப் போனால், செருப்பைக் கழற்றாத குறையாக மெல்ல நடந்தார்.

சாஃப்ட்வேரையும் சும்மா சொல்லக்கூடாது. கவுண்டரில் ஒரு திரையும் ஒரு கேமராவும்தான் இருந்தன. அதிலேயே பார்த்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு வந்த பெரியவருக்குத் தரைத்தளத்தில் அறை கொடுத்தது. பேர் பதியும்போது இருமிய அம்மாவுக்கு, கேட்காமலே வெந்நீர் அனுப்பச் சொன்னது. பரீட்சை எழுத வந்த பெண்ணைக் காலையில் எழுப்பிவிட்டு, 'பதறாம எழுதும்மா, கடவுள் இருக்கார்' என்று ஒரு வரியும் போட்டது.

வந்தவர்களெல்லாம் இணையத்தில் நட்சத்திரமாகக் கொட்டினார்கள். முதலாளி ஹோட்டல்காரர்கள் சங்கக் கூட்டத்தில் எழுந்து, "மனுஷன் முகம் சுளிப்பான், மறந்துபோவான். சாஃப்ட்வேருக்குத்தான் ஐயா மனசு இருக்கு," என்று பேசிக் கைதட்டு வாங்கினார்.

இந்தச் சமயத்தில்தான் கேண்டீன் மாஸ்டர் போட்டுக்கொடுத்தார். ரூம் அக்கா தினமும் பதினொரு மணிக்கு ஒரு ஃபிளாஸ்க் டீயோடு மெஷின் ரூமுக்குள் போகிறாராம். கையில் மூன்று கப்.

முதலாளி அக்காவைக் கூப்பிட்டு விசாரித்தார்.

"யாருக்கு டீ?"

"எனக்குத்தான் சார். தலைவலி."

"தலைவலிக்கு மூணு கப்பா?"

"ரொம்பத் தலைவலி சார்."

அக்காவுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. அதனால்தான் அது அவ்வளவு மோசமாக வந்தது. மகள் நர்ஸ் படிப்பின் கடைசி வருஷத்தில் இருந்தாள். இந்த வேலை போனால் அந்தப் படிப்பும் போகும். அது முதலாளிக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னார்.

"உள்ள யாரை ஒளிச்சு வெச்சிருக்கேன்னு நாளைக்குள்ள சொல்லிடும்மா. இல்லன்னா இந்தப் பக்கமே வராதே."

மறுநாளும் பதினொரு மணிக்கு டீ போனது.

பின்னாலேயே முதலாளியும் போனார், செக்யூரிட்டியைக் கூட்டிக்கொண்டு. செக்யூரிட்டி முன்பு போலீஸில் இருந்தவர். கதவைத் தட்டும் பழக்கம் அவருக்கு இல்லை.

உள்ளே ரிசப்ஷன்காரர், ஸ்டோர்காரர், சூப்பர்வைசர் அம்மா. ஆளுக்கொரு மேஜை, ஆளுக்கொரு லேப்டாப். நடுவில் நின்று அக்கா டீ ஊற்றிக்கொண்டிருந்தார். அறை முழுக்கத் தேடியும் மெஷினைத்தான் காணோம்.

"ஓகோ, மூணு பேரும் கூட்டுச் சேர்ந்து பழி வாங்குறீங்களா," என்றார் முதலாளி. "மெஷின் எங்க? எவனுக்கு வித்தீங்க?"

"முதல்ல உக்காருங்க சார். மாடி ஏறி வந்து மூச்சு வாங்குது உங்களுக்கு," என்றார் சூப்பர்வைசர் அம்மா.

"என் மூச்சை நான் பாத்துக்கறேன். உங்களுக்கு ஜெயில். இவங்களை உள்ள விட்ட இந்த அம்மாவுக்கு இன்னையோட வேலை கிடையாது."

ரிசப்ஷன்காரர் எழுந்து நின்றார். "எங்களை என்ன வேணா பண்ணுங்க சார். அக்காவை விட்டுடுங்க. டீ வேணும்னு நாங்க கேக்கக்கூட இல்ல. பாவம்னு அவங்களா கொண்டு வந்தாங்க. வேற ஒரு தப்பும் பண்ணல."

"அதைப் போலீஸ்ல போய்ச் சொல்லு."

"டீ ஆறுது சார்," என்று அக்கா ஒரு கப்பை நீட்டினார். முதலாளி வாங்கவில்லை. செக்யூரிட்டி வாங்கிக்கொண்டு, வாசலை மறித்து நின்று கடமையோடு குடித்தார்.

முதலாளி போனை எடுத்தார். இந்த மாதிரி நேரத்தில் மனிதர்களை நம்பிப் பிரயோஜனமில்லை என்பது அவர் கண்ட பாடம். நேராகச் சாஃப்ட்வேருக்கே உத்தரவு போட்டார்: '307-இல் மூன்று திருடர்கள். உடனே போலீஸுக்குத் தகவல் கொடு. ரூம் அக்காவை இன்றே வேலையிலிருந்து நீக்கு.'

அனுப்பிவிட்டு, மார்பை நிமிர்த்திக்கொண்டு நால்வரையும் ஒரு பார்வை பார்த்தார்.

ரிசப்ஷன்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார். மற்ற இருவர் முகத்தையும் பார்த்தார். இருவரும் தலையசைத்தார்கள். அவர் நிதானமாக லேப்டாப்பில் தட்டத் தொடங்கினார்.

"மாட்டிக்கிட்ட பிறகும் என்னய்யா தட்டுறே?" என்று செக்யூரிட்டி அதட்டினார்.

முதலாளியின் போனில் பதில் வந்து விழுந்தது: 'உத்தரவு கிடைத்தது ஐயா; போலீஸுக்கு வேண்டுமானால் சொல்லிவிடுகிறோம், ஆனால் அக்காவை நீக்க எங்கள் மூன்று ஏஜென்டுகளுக்கும் சம்மதமில்லை.'