கேடயம் போட்ட காசு

கம்பெனி வாசலில் எழிலரசன் டிபன் பாக்ஸை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றான். தயிர்சாதத்துக்கு அடியில், பஞ்சில் சுற்றி, பிளாஸ்டிக் உறைக்குள் எட்டு கிராம் தங்கம் இருந்தது.

"இன்னாப்பா, இப்டி வேர்க்குது உனக்கு?" என்றார் செக்யூரிட்டி.

"பஸ்ல செம கூட்டம்ணா."

செக்யூரிட்டி மூடியைத் திறந்தார். மோர்மிளகாயை ஒரு பார்வை பார்த்துவிட்டு மூடிக்கொடுத்தார். ஒரகடத்தில் எந்தக் கம்பெனி வாசலிலும் வெளியே கடத்துகிறவனைப் பிடித்துத்தான் பழக்கம். உள்ளே கடத்துகிறவனை என்ன செய்வதென்று யாருக்கும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

பொருள் என்னவோ சொந்தப் பொருள்தான். மனைவி அமலா பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த, வெள்ளைக்காரன் காலத்துச் சவரன் காசு. ஒரு பக்கம் விக்டோரியா ராணியின் தலை, மறுபக்கம் கேடயம். மற்ற வீடுகளில் இந்த மாதிரிக் காசுக்கெல்லாம் வளையம் பற்றவைத்து மாலையாகக் கோத்துவிட்டார்கள். அமலா வீட்டில் இருந்தது ஒன்றே ஒன்று. அதை எதோடு கோப்பது என்று தெரியாமல் பஞ்சில் சுற்றி அப்படியே வைத்துவிட்டார்கள்.

காஞ்சிபுரம் ரங்கநாதன் பழைய காசு சேர்ப்பவர். வாட்ஸப்பில் படம் போய்ச் சேர்ந்த ஐந்தாவது நிமிடம் கூப்பிட்டார்.

"குதிரைவீரன் போட்ட காசு ஊர்ல நெறைய இருக்கு தம்பி. கேடயம் போட்டது, அதுவும் இந்த வருஷத்துக் காசு, பதினெட்டு வருஷமா தேடுறேன். ஒரிஜினலா இருந்து, மேல ஒரு கீறல்கூட இல்லைன்னா அஞ்சு லட்சம் தரேன். கீறல் இருந்தா எனக்கு வேணாம், நகைக்கடையில தங்க வெலைக்குப் போட்டுக்கோங்க. ஞாயித்துக்கிழமை காலையில நேர்ல வரேன்."

அஞ்சு லட்சம் என்றால், விலைக்கு வந்திருக்கும் தமிழ்வாணனின் வேன். ஒன்பது வருடமாக கான்ட்ராக்ட் சட்டையில் கழிந்த காலம் போதும். இனி அதே கம்பெனிகளுக்கு ஷிப்ட் ஆட்களை ஏற்றி இறக்கி, தனக்குத் தானே முதலாளியாக இருந்துவிட்டுப் போகலாம். ஞாயிறு சாயங்காலம் வரைதான் பொறுப்பேன், அப்புறம் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று தமிழ்வாணன் கறாராகச் சொல்லியிருந்தார். எழிலரசனுக்குப் பயம் ஒன்றுதான். காசு போலியாக இருந்து தொலைத்தால்?

நகைக்கடையில் காட்டலாம் என்றதற்கு அமலா பாய்ந்தாள்.

"உரைகல்லுல போட்டுத் தேய்ப்பான்யா. ஒரு தேய்ப்புல அஞ்சு லட்சமும் பூடும். உங்க கம்பெனில இன்னா இன்னாவோ மிஷின் கீதுன்னு பீத்திக்கினே இருப்பியே, தேய்க்காம பாக்கறதுக்கு ஒண்ணு கூடவா இல்ல?"

இருந்தது. மிஷினும் இருந்தது, மிஷினுக்குப் பக்கத்தில் புருஷோத்தமனும் இருந்தார்.

குவாலிட்டி ரூம் புருஷோத்தமனைத் தாண்டி ஒரு நட்டு வெளியே போகாது. போன மாதம், முந்நூறு பல்சக்கரத்தில் ஒன்றில் தன் ஓகே அடையாளம் விட்டுப்போயிற்று என்று, ஏற்றி முடித்த லாரியை மொத்தமாக இறக்கவைத்த மனிதர். வீட்டில் சம்சாரம் சுடும் இட்லியின் கனத்தைக்கூட அளந்துவிட்டுத்தான் வாயில் வைப்பார் என்று கேன்டீனில் பேச்சு.

மதிய மணி அடித்ததும் எழிலரசன் அவர் முன்னால் போய் நின்றான். புருஷோத்தமன் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு, இரண்டு விரலால் ஓரத்தைப் பிடித்துக் காசை வாங்கினார். அதைப் பார்த்ததுமே எழிலரசனுக்குப் பாதி உயிர் திரும்பியது.

"ஒரிஜினலான்னு தெரியணும் சார். ஆனா உரசிடாதீங்க சார், தயவுசெஞ்சி."

"நான் இன்னா பத்தரா? உரசுற வேலையே இங்க கெடையாது. போய்த் துன்னுட்டு வா, முடிச்சி வைக்கிறேன்."

எதற்கென்று அவரும் கேட்கவில்லை. கண் படும் என்று இவனும் சொல்லவில்லை.

எழிலரசன் தயிர்சாதத்தைத் தின்றான் என்று சொல்லலாம், அவ்வளவுதான். உப்பு இருந்ததா இல்லையா என்று கேட்டால் அவனுக்குத் தெரியாது. வல்லக்கோட்டை முருகனுக்கு மொட்டை போடுவதாக முதலில் வேண்டிக்கொண்டான். அது போதாதோ என்று பட்டு, கூடவே பால்குடத்தையும் சேர்த்துக்கொண்டான்.

திரும்பி வந்தபோது புருஷோத்தமன் ஒரு தாளை வைத்துக்கொண்டு, கம்பெனி ஆடிட்டரிடம் படிப்பதுபோல் படித்தார்.

"வெயிட்டு, ஏழு புள்ளி ஒம்போது எட்டு எட்டு கிராம். குறுக்களவு, இருவத்திரெண்டு புள்ளி சைபர் அஞ்சு மில்லிமீட்டர். தங்கம் தொண்ணூத்தியொண்ணு புள்ளி ஏழு பர்சன்ட், மீதி செம்பு. நெட்ல ஸ்பெக் எடுத்து வச்சி டேலி பண்ணிட்டேன். அவ்ளோ வருஷத்துக்கு முன்னாடி அடிச்சவன் கரெக்டா அடிச்சிக்கீறான்பா, நம்ம லைன்ல ஒருத்தனுக்கு வராது."

"அப்ப ஒரிஜினலா சார்?"

"ஒரிஜினல்தான்."

எழிலரசனுக்குக் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை. வேனின் முன்கண்ணாடியில் அமலா பெயரை மஞ்சளில் எழுதுவதா சிவப்பில் எழுதுவதா என்பது வரைக்கும் மனசு ஓடிவிட்டது. புருஷோத்தமன் காசை டிஷ்யூ பேப்பரில் பதவிசாக மடித்து அவன் உள்ளங்கையில் வைத்தார்.

"ரொம்ப தேங்க்ஸ் சார். ஞாயித்துக்கெழம காஞ்சிபுரத்துலேந்து ஒருத்தரு வாங்க வராரு. அவரு சந்தேகப்பட்டார்னா இந்தத் தாளக் காட்டலாமா சார்?"

புருஷோத்தமன் முகம் கொஞ்சம் சுருங்கியது. பதினாறு வருட சர்வீஸில் அவர் பாஸ் பண்ணிய பொருளை யாரும் சந்தேகப்பட்டதில்லை.

"தாளு எதுக்குப்பா? அதான் சுத்தியால ஓங்கி, ராணி கன்னத்துலயே என் ஓகே முத்திரையக் குத்தி வச்சிக்கீறேனே!"