கழுதையோடு வந்தவள்

வேலை நாளில், அதுவும் பட்டப்பகலில், மகள் வீட்டுக்குள் நுழைந்தாள். தோளில் லேப்டாப் பை. கக்கத்தில் ஒரு கழுதை.

பஞ்சு அடைத்த பொம்மைக் கழுதைதான். ஒரு காது தொங்கிப்போய், பலர் கைபட்டு முகமெல்லாம் அழுக்கேறிக் கிடந்தது.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். அன்று அவருக்கு வார விடுமுறை. சமையலறைக் குழாயைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எந்தக் கட்டடத்துக்கு ரிப்பேருக்குப் போனாலும், "என் பொண்ணு சாஃப்ட்வேர்ல இருக்கா" என்று நாலு பேரிடம் சொல்லாமல் அவர் கீழே இறங்கியதில்லை.

"என்னம்மா இது?"

"ஆபீஸ் கழுதைப்பா. எடுத்துட்டு வந்துட்டேன்."

"சொல்லிட்டா?"

"சொல்லாமதான்."

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

அவள் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து அவர் பக்கம் திருப்பினாள். "ராஜினாமா மெயில். எழுதிட்டேன், இன்னும் அனுப்பல. உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு அனுப்பலாம்னு வந்தேன்."

"சேர்ந்து ரெண்டு வருஷம்கூட ஆகல. முதல் வேலை. அடுத்து போற இடத்துல, ஏன் விட்டேன்னு கேட்டா என்ன சொல்லுவே?"

"இந்தக் கழுதையைப் பத்திச் சொல்லுவேன்."

"விளையாடாதே."

"விளையாட்டுதான்பா. மேனேஜர் கண்டுபிடிச்ச விளையாட்டு. யார் எழுதின புரோகிராம்ல தப்பு வருதோ, அவங்க மேசையில இதைக் கொண்டுவந்து வைப்பாங்க. காலை மீட்டிங்ல அவங்க இதைத் தூக்கிட்டு நின்னு, என்ன தப்பு பண்ணினேன்னு எல்லார் முன்னாடியும் சொல்லணும். எல்லாரும் சிரிக்கணும். யார் சிரிக்கலைன்னும் அவர் பார்த்துக்கிட்டே இருப்பார்."

"நீயும் தூக்கினியா?"

"சேர்ந்த புதுசுல பாதி நாள் என்கிட்டதான் இருந்தது. பாத்ரூம்ல போய் அழுதுட்டு வந்து தூக்குவேன்."

மகள் அழுதாள் என்றதும் அப்பாவுக்கு வலித்தது. ஆனால் அதை முகத்தில் காட்டாமல் இருப்பதுதான் தகப்பனுக்கு அழகு என்று நினைப்பவர் அவர்.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. அவளுடைய மாமா. தன் பையனுக்கு இன்னும் வேலை அமையாத கவலையில், "மருமக வேலை எப்படிப் போகுது மாப்ளே?" என்று அடிக்கடி விசாரிக்கிற மனுஷன்.

"அப்புறம் பேசறேன் மச்சான்" என்று அப்பா போனை வைத்துவிட்டார். வேலையை விடப் போகிறாள் என்று அவரிடம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது?

"இதோ பாரும்மா, திட்டு வாங்காம யாரு தொழில் கத்துக்கிட்டா? எங்க சூப்பர்வைசர் என் டூல் பையை மாடிப்படியில உருட்டி விடுவான். நான் குனிஞ்சு ஒண்ணொண்ணா பொறுக்குவேன். பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன், நானே சூப்பர்வைசர் ஆனேன். அப்புறம் எத்தனை பேரு பையை நான் உருட்டியிருக்கேன் தெரியுமா?"

சொல்லிவிட்டு அப்பா பெருமையாகச் சிரித்தார். மகள் சிரிக்கவில்லை.

"கொஞ்ச நாள் பொறுத்துக்கோ. உன் மேசையிலேர்ந்தும் கழுதை போயிடும்."

"அது போய் ரொம்ப நாளாச்சுப்பா. இப்பல்லாம் என் புரோகிராம்ல தப்பு வர்றதே இல்ல."

அப்பாவுக்கு இப்போது நிஜமாகவே கோபம் வந்தது. "அப்போ கஷ்டப்பட வேண்டியதெல்லாம் பட்டு முடிச்சுட்டே. நல்ல காலம் வர்ற நேரத்துலயா விட்டுட்டு வருவாங்க?"

அவள் கழுதையின் தொங்கிய காதை நிமிர்த்தி விட்டாள். அது மறுபடியும் தொங்கியது.

"இன்னிக்குக் காலையில என்னை டீம் லீடர் ஆக்கிட்டாங்கப்பா."

அப்பாவின் முகம் மலர்ந்தது.

"எல்லாரும் கைதட்டினாங்க. மேனேஜர் கை குடுத்துட்டு, இந்தக் கழுதையை என்கிட்ட குடுத்தார். இனிமே இதை யார் மேசையில வைக்கணுமோ, நீதான் வைக்கணும்னார். நேத்து தப்பு பண்ணினது புதுசா சேர்ந்த பொண்ணு. நான் கழுதையோட அவ பக்கம் போனேன். நான் வாயே திறக்கல. அவளே எழுந்து நின்னு ரெண்டு கையையும் நீட்டினா."

அவள் கழுதையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தக் கையில குடுக்க முடியலப்பா. அப்படியே திரும்பி லிஃப்டுக்குள்ள போயிட்டேன்."

மாடிப்படியில் உருண்ட பைகளும், குனிந்து பொறுக்கிய முதுகுகளும் அப்பாவின் கண் முன்னால் வந்து போயின. அவற்றில் ஒன்றுகூட அவருடைய முதுகு இல்லை; எல்லாம் அவர் உருட்டிவிட்ட பைகளுக்காகக் குனிந்தவை.

எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு மேசைக்கு வந்தார்.

"அனுப்பும்மா."

அவள் அவர் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு அனுப்பினாள்.

அவர் கழுதையை வாங்கினார். கண்ணாடி அலமாரியில் அவள் பள்ளிக்கூடத்தில் வாங்கிய கோப்பைகளை நகர்த்திவிட்டு, நட்டநடுவில் அதை உட்கார வைத்தார். பிறகு தானே மச்சானுக்கு போன் போட்டார்.

"மருமக வேலையைப் பத்திக் கேட்பீங்களே மச்சான், விட்டுட்டா."

"ஐயையோ, என்ன மாப்ளே? ஏதாவது தப்பு பண்ணிட்டாளா?"

"இல்ல மச்சான். பிரமோஷன் குடுத்தாங்க, அதான் விட்டுட்டா" என்றார் அப்பா, நெஞ்சை நிமிர்த்தி. "நான் சூப்பர்வைசர் ஆன அன்னிக்கு எனக்கு வராத துணிச்சல், என் பொண்ணுக்கு வந்திருக்கு."