பித்தளை வெட்டும் மெஷின்

மேஜை மேல் வைக்கிற சின்ன மில்லிங் மெஷின் கேட்டு வந்த பெரியவர், கடைக்காரரைப் படுத்தி எடுத்துவிட்டார்.

மரத்தை வெட்டிக் காட்டினால் கண்ணை மூடிக்கொண்டு, "இது இல்ல" என்றார். பிளாஸ்டிக், அலுமினியம் எல்லாவற்றுக்கும் அதே பதில்தான்.

"இதைப் பாருங்க ஐயா, புது மாடல். எதைக் கொடுத்தாலும் வெண்ணெய் மாதிரி வெட்டும், சத்தமே வராது."

"வேண்டாம்ப்பா."

பொறுமை போன கடைக்காரர், மூலையில் கிடந்த பழைய மெஷினில் ஒரு பித்தளைத் துண்டை மாட்டி ஓட விட்டார். காது கிழிந்தது.

பெரியவர் கண்ணைத் திறந்தார். "இதேதான்!"

"இந்தக் கத்தலையா? அப்படி என்ன செய்யப் போறீங்க?"

"எனக்கு ஒண்ணும் செய்யத் தெரியாதுப்பா. என் பையன்தான் மாடியில நாள் பூரா பித்தளை வெட்டுவான். போன வாரம் மெஷினை ரிப்பேருக்கு எடுத்துட்டுப் போனான். வழியில லாரி மோதி, அவனும் வரல, மெஷினும் வரல."

கடைக்காரர் மெஷினை அணைத்தார்.

"அவங்கம்மா கீழ சாகக் கிடக்கிறா. அவகிட்ட சொல்லல. இந்தச் சத்தத்துக்காக அவனைத் திட்டாத நாளே கிடையாது. இப்போ நினைவு வர்றப்பல்லாம், 'மாடியில சத்தத்தையே காணோமே'ங்கிறா."

பெரியவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

"திரும்பப் போடுப்பா, நான் ஓட்டிப் பார்க்கிறேன். வேற யாரோ வெட்டுறாங்கன்னு அவளுக்குத் தெரிஞ்சிடக் கூடாது."