வந்த அன்றே அடிக்கும் ஆணி

சுத்தியல் விழும்போதெல்லாம் சுவரில் படங்களாகத் தொங்கும் முன்னாள் அரசுத் தலைமை வழக்கறிஞர்கள் அத்தனை பேரும் அதிர்ந்து அடங்குகிறார்கள். இன்று காலைதான் அந்தப் பதவியை ஏற்றவள் பேனாவைத் திறக்காமல் நிமிர்ந்து பார்க்கிறாள். ஒருவனுக்குத் தூக்கு கேட்கும் மனு அவள் கையெழுத்துக்காக மேஜையில் கிடக்கிறது. "இப்பவே எதுக்குங்க ஆணி?" "வந்த அன்னைக்கே அடிச்சிடுவோம்மா. போறப்ப உங்க படத்தை மாட்டிக்கலாம்," என்கிறார் ஏணிமேல் நிற்கும் ஊழியர். ஆணி இறங்குவது அவள் அப்பாவின் படத்துக்கு நேர் கீழே. சாய்வெயிலில் அவருடைய வெள்ளைக் கழுத்துப்பட்டை மட்டும் பளிச்சென்று தெரிகிறது. தான் வாதாடித் தூக்குமேடைக்கு அனுப்பியவன் நிரபராதி என்று தெரிந்தபின், சாகும்வரை அவர் கழுத்தில் ஒரு துண்டுகூடப் போட்டதில்லை. "கொஞ்சம் தள்ளி அடிக்கலாமா?" "வரிசை இங்கதாம்மா வருது." அடுத்த அடியில், தொங்கியபடியே அப்பாவின் படம் ஒருபக்கமாகத் தலை சாய்கிறது. அவள் கை தன் கழுத்துப்பட்டையைத் தளர்த்துகிறது.