கயிறு பிடிக்கிறவன்

அண்ணன் தம்பி பாசத்தைச் சொல்லும் சண்டைப் படம். தம்பியைக் காப்பாற்ற ஹீரோ மொட்டை மாடியிலிருந்து குதிக்க வேண்டும். ஹீரோவுக்குப் பதிலாகக் குதிக்கிற டூப் இடுப்பில் கயிறு கோத்த பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது, புதிதாக வந்த மேனேஜர் மூச்சிரைக்க மாடியேறி வந்தார்.

"ஏம்ப்பா, அங்க கயிறு பிடிக்கிறவன் உன் கூடப் பிறந்த தம்பியாமே?"

"எனக்குத் தம்பின்னு யாரும் இல்ல சார்."

"வீட்டுக்காக ரெண்டு பேருக்கும் கேஸ் நடக்குதாம். பேச்சுவார்த்தையே இல்லையாம்."

"நடக்கட்டும். ஒரு செங்கல்கூட விட்டுக் குடுக்க மாட்டேன்."

மேனேஜர் கயிறு பிடிக்கிறவனைத் திரும்பிப் பார்த்தார். பகையாளி கையில் கயிறு, அந்தக் கயிற்றில் இவன் உயிர். ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது?

"அப்ப அவனைக் கீழ அனுப்பிடறேன். வேற ஆள் பிடிக்கட்டும்."

டூப் பெல்ட்டைக் கழற்றி மேனேஜர் கையில் கொடுத்தான்.

"அப்ப வேற ஆளே குதிக்கட்டும்."

"என்னப்பா இது, உன் நல்லதுக்குத்தானே சொல்றேன்?"

"குதிக்கிறவன் கேக்கிற ஆள்தான் கயிறு பிடிக்கணும், அது எங்க தொழில் வழக்கம். ஸ்டண்ட் மாஸ்டர்கிட்ட அவனைக் கேட்டு வாங்கினதே நான்தான். கோர்ட்டுல அவன் மூஞ்சியப் பார்க்கக்கூட மாட்டேன். ஆனா கயித்துக்கு அவன்தான்."

மேனேஜர் பெல்ட்டைத் திருப்பிக் கொடுத்தார். டூப் அதை மாட்டிக்கொண்டு மாடி விளிம்பில் போய் நின்றான்.

"கயிறு ரெடியான்னு அந்த ஆளைக் கேளுங்க சார்."

நாலடி தள்ளி நின்ற தம்பி, கயிற்றை இடுப்பில் இன்னொரு சுற்றுச் சுற்றிக் காலை ஊன்றிக்கொண்டான்.

"குதிக்கச் சொல்லுங்க சார். திங்கக்கிழமை கோர்ட்டுக்கு அவரு முழுசா வந்தாகணும்."