சுடலையப்பனின் தழும்பு

உங்கள் முகத்துத் தழும்பை ஒருவர் கேட்காமலே அழித்துவிட்டால் சும்மா இருப்பீர்களா? பேய்களைத் துப்பறியும் காமிக்ஸ் நாயகன் சுடலையப்பனின் கன்னத்தில் இருந்த வெள்ளைக் கோடு, முதல் புத்தகம் அச்சானபோது அச்சு பிளாக்கில் கீறல் இருந்ததால் விழுந்தது. மோகினியின் நகம் கிழித்ததாக வாசகர்கள் கடிதம் எழுதினார்கள். அன்றிலிருந்து நாற்பது வருஷம் ஓவியர் ஞானதுரை அதை விடாமல் வரைந்தார். இப்போது புது ஆசிரியர் பிரதீபன், சுடலையப்பனுக்குக் கோட்டும் கூலிங்கிளாஸும் மாட்டி, கம்ப்யூட்டரில் கன்னத்தையும் துடைத்துவிட்டார்.

“வெறும் அச்சுப்பிழைக்கா இவ்வளவு பிடிவாதம், அண்ணாச்சி?” என்றார், சண்டைக்கு வந்த ஞானதுரையிடம்.

“கோட்டு போடுங்க, ஹெலிகாப்டர்லகூட ஏத்துங்க தம்பி. தழும்பு இல்லாட்டி பேய்க்கு ஆளு அடையாளம் தெரியாதுல்லா.”

“பேயா புக்கு வாங்குது?”

ஞானதுரை நேராக அச்சகத்துக்குப் போனார். மெஷினில் ஏற்றக் காத்திருந்த அட்டைப்படத்தின் அச்சுப் பிளேட்டில், சுடலையப்பனின் கன்னத்தில் பேனாக்கத்தியால் ஒரே இழுப்பு இழுத்தார். நிமிர்ந்தால் எதிரே மெஷின்மேன் இசக்கி.

“இது கறுப்பு மைக்குள்ள பிளேட்டு மட்டும்தான் அண்ணாச்சி. நாலையும் கீறினாத்தான கோடு வெள்ளையா விழும். சிவப்பு, மஞ்சள், நீலத்தை யாரு கீறுவா?” என்று மிச்ச மூன்று பிளேட்டையும் எடுத்து மேசையில் வைத்தான்.

மறுநாள் காலை, எட்டாயிரம் சுடலையப்பன்கள் தழும்போடு கடைகளுக்குப் போனார்கள்.