சிவப்பு நூல்

தமுக்கம் மைதானத்தில் பந்தயம் முடிந்து கூட்டம் கலைகிறது. சாய்ந்த வெயிலில் புழுதி இன்னும் அடங்கவில்லை. வேப்பமர நிழலில் ஜமீலின் கால் விருமாண்டியின் மடியில் கிடக்கிறது. ஓடி முடித்ததும் ஒருவர் காலை மற்றவர் நல்லெண்ணெய் போட்டு நீவிவிடுவது, ஒத்தக்கடைச் சாலையில் சேர்ந்து ஓடிப் பழகிய நாளிலிருந்து வழக்கம். இன்று கைகோத்தபடியே எல்லைக்கோட்டைத் தாண்டுவதாகப் பேச்சு. கோட்டை நெருங்கும்போது ஜமீலின் கை நழுவிப் போனது. எல்லையில் கட்டியிருந்த சிவப்பு நூல் அறுந்து, அவன் பனியனில் வியர்வையோடு ஒட்டியிருக்கிறது. விருமாண்டியின் உள்ளங்கையில் அவன் நகம் கீறிய இடம் எண்ணெய் பட்டு எரிகிறது.

“கோவமா மாப்ள?” என்கிறான் ஜமீல்.

“கை வேர்த்து வழுக்கிருச்சு போலன்னு நெனச்சுக்கிட்டேன்.”

ஜமீல் மைதானத்தைப் பார்க்கிறான். “மொத வர்றவனுக்கு மட்டுந்தான் போலீசுல வேலையாம். நேத்துக் காலையிலயே எங்கிட்ட சொல்லிட்டாக.”

கைகோத்துப் போவோம் என்று நேற்றுச் சாயங்காலம் சொன்னதே அவன்தான். விருமாண்டியின் கட்டைவிரல் கெண்டைக்கால் மேல் அப்படியே நிற்கிறது. பிறகு நீவி முடித்து, அந்தக் காலை மடியிலிருந்து இறக்கி மண்ணில் வைக்கிறான். ஜமீல் பழக்கத்தில் மறுகாலை நீட்டுகிறான். விருமாண்டி எண்ணெய்ச் சீசாவை மூடுகிறான்.